தொப்பூர் இறக்கம்

ஸ்டியரிங் இடப்பக்கம்.
அதனால் வலப்பக்கம், நம் ஊர்க் கணக்கில்
டிரைவர் உட்காரும் இடத்தில்,
கையில் ஒன்றும் இல்லாமல் நான்.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பையன்
என்னிடம்தான் கை நீட்டினான்.
மொழிபெயர்ப்பது என் பிழைப்பு.
ஓட்டுகிறவள் மாதிரித் தெரியும்,
ஓட்டுவது வேறு ஆள்.

டென்மார்க்கிலிருந்து பன்னிரண்டு நாடு,
நடுவில் ஒரு கடல் மட்டும் கப்பலில்.
யெஸ்பர் ஓட்ட, பின்சீட்டில் பிர்கிட்டா,
மடியில் நீல நோட்டு.
பார்த்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம்:
துருக்கியில் சாண எரிவாயுவில் வேகும் ரொட்டிக்கடை,
ஓமான் மலையில் பனி பிடிக்கும் வலை.
இன்றைய பக்கத்தின் தலையில் மாரண்டஅள்ளி.
அந்த 'ள்ளி' அவள் நாக்கில் வழுக்கி வழுக்கி விழுகிறது.

பாலக்கோடு தாண்டும்போது பதினோரு சதவீதம்.
யெஸ்பர் ஏசியை அணைத்தார்.
கண்ணாடி இறங்கியதும்
தக்காளி மண்டியின் புளிப்பு ஏறிக்கொண்டது.

மாதையன் மாவு மில்லில் பதினைந்து ஆம்பியர் பிளக்.
கேழ்வரகுத் தூக்கோடு நின்ற பெண்கள்
வரிசையில் காருக்கும் ஓர் இடம் விட்டார்கள்.
"மணிக்கு எவ்வளவு?"
மாதையன் தாடையைச் சொறிந்தார்.
"வண்டி எத்தனை படி பிடிக்கும்?"

கார் குடித்து முடிக்கட்டும் என்று நடந்தோம்.
சூரிய உலர்த்திக் கூடம்.
வளைந்த பிளாஸ்டிக் கூரை, எட்டுத் தட்டு,
திறந்துவைத்தவர் பெயர் வெயிலில் வெளுத்த பலகை.
உள்ளே ஒரு தக்காளி இல்லை.
பள்ளிக்கூட யூனிபார்ம் இரண்டு செட்,
யாருடையதோ போர்வை.

பிர்கிட்டாவின் பேனா நின்றது.
சஸ்டெய்னபிளா என்று கேள், என்றாள்.
கருத்தரங்குகளில் 'நீடித்து நிலைத்த' என்று சொல்லிக்
காசு வாங்கியிருக்கிறேன்.
கெம்பம்மா முன்னால் அது
பல்செட் போல வாய்க்குள் ஆடியது.
"இது தாங்குமா?" என்றேன்.

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
"பிளாஸ்டிக்கா? மூணு வருசம். கொரங்கு ஏறாம இருந்தா."
இல்லை, இந்த ஏற்பாடு.
"பெட்டி நாப்பதுக்கு விழும்போது வந்து பாரு கண்ணு,
உள்ள கால் வெக்க எடமிருக்காது.
பறிகூலிக்கே கட்டாதுன்னு ரோட்டுல கொட்டுனதெல்லாம்
இப்போ இங்கதான் காயும்.
இன்னிக்கிப் பெட்டி எண்ணூறு.
எண்ணூறு விக்கிற பழத்த
எந்தக் கிறுக்கி காய வெப்பா?
இது சும்மா கெடக்குற வருசந்தான்
எங்களுக்கு நல்ல வருசம்."

சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.
'மாத உற்பத்தி' என்ற கட்டத்தில்
பிர்கிட்டா பூஜ்யம் போட்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து
அதைச் சுற்றி ஒரு வட்டம்.

ஆறு மணி நேரத்தில் முப்பத்தாறு.
அதோடு கரண்ட் போனது.
"பத்துப் படிக்கு உண்டானதக் குடுங்க" என்றார் மாதையன்.
களிக்குக் காசு வாங்கவில்லை.

தர்மபுரி கடந்து இருட்டும் நேரம் தொப்பூர்.
லாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகின்றன,
பிரேக் கருகும் வாடை.
எங்கள் திரையில் பத்தொன்பது
இருபதாகிறது.
ஒன்றே ஒன்று. விழுந்ததில் கிடைத்தது.
யெஸ்பர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுக்கிறார்.

பின்னாலிருந்து கேட்கிறாள்:
அந்தச் சொல்லுக்கு என்ன சொன்னாய்?
தாங்கும்.
அப்படியென்றால்?
கூரைக்குத் தூண் செய்வது, என்கிறேன்.
காய்க்குக் கிளை செய்வது.
அடிக்கு உடம்பு...
வளைவு வந்துவிட்டது, நிறுத்திக்கொண்டேன்.

இறக்கத்தின் அடியில் போலீஸ்காரர்
டார்ச்சை என் முகத்தில் அடித்து
மெதுவா, மெதுவா என்கிறார்.
சரி சார் என்று தலையாட்டினேன்,
காலுக்குக் கீழே வெறும் மேட்.